செவ்வாய் மண் சொன்ன சாட்சியம்

கண்ணுக்குப் புலப்படாத உயிர் ஒரு பிடி மண்ணில் இருக்கிறதா என்ற கேள்விக்கு, தொலைவிலிருந்து இயங்கும் கருவி எதுவும் நேரில் பார்த்துப் பதில் சொல்லிவிட முடியாது. அந்த உயிர் எதையேனும் உண்கிறதா, வாயுவை உள்ளிழுக்கிறதா, கழிவை வெளியேற்றுகிறதா என்று அளந்து, அதிலிருந்து ஊகித்தே சொல்ல முடியும். 1960களில் செவ்வாயில் உயிர் தேடத் திட்டமிட்ட அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் அறிவியலாளர்கள் இவ்வழியையே தேர்ந்தனர். 1965இல் மாரினர் 4 விண்கலம் அனுப்பிய மங்கலான படங்கள், வாய்க்கால்களும் பயிர்ப்பச்சையும் அங்கே இருக்கலாம் என்ற பழைய நம்பிக்கையைக் கலைத்து, நிலவைப் போலக் குழிகள் நிறைந்த தரையைக் காட்டின. காற்றின் அழுத்தம் பூமியினுடையதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை என்பதும் தெரியவந்தது. ஆறு ஆண்டுகள் கழித்துச் சென்ற மாரினர் 9, வறண்டுபோன ஆற்றுப்படுகைகள் போன்ற தடங்களைப் படம்பிடித்தபோது, பெரிய உயிர்களுக்கு இடமில்லாவிட்டாலும் நுண்ணுயிர்களாவது தாக்குப்பிடித்திருக்கலாம் என்ற எண்ணம் மீண்டும் தலைதூக்கியது.

அந்த எண்ணத்தைச் சோதிக்கச் சென்றவை வைக்கிங் விண்கலங்கள். முதல் கலத்தின் தரையிறங்கி 1976 ஜூலை 20 அன்று கிரைசி சமவெளியிலும், இரண்டாவது செப்டம்பர் 3 அன்று, அங்கிருந்து ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள உட்டோபியா சமவெளியிலும் இறங்கின. பூமியின் கிருமிகளையே சுமந்துசென்று, அவற்றையே செவ்வாயின் உயிர் என்று அறிவித்துவிடும் அபத்தம் நேராதிருக்க, இரு தரையிறங்கிகளும் புறப்படுவதற்கு முன் சுமார் 112 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நாற்பது மணி நேர அளவுக்கு வாட்டப்பட்டிருந்தன. பதினைந்து கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையும் ஏறத்தாழ ஒரு கன அடி கொள்ளளவும் கொண்ட பெட்டிக்குள், மூன்று தனித்தனி உயிரியல் சோதனைக்கூடங்கள் அடைக்கப்பட்டிருந்தன. முதலில் நான்கு சோதனைகள் திட்டமிடப்பட்டிருந்தன. செலவும் சிக்கலும் பெருகவே, வுல்ஃப் விஷ்னியாக் வடிவமைத்த நான்காவது சோதனை 1972இல் கைவிடப்பட்டது. கடுங்குளிரிலும் வறட்சியிலும் நுண்ணுயிர் வாழ்கிறதா என்று ஆராயச் சென்ற விஷ்னியாக், மறு ஆண்டின் இறுதியில் அண்டார்க்டிகாவின் மலைச்சரிவொன்றில் தவறி விழுந்து உயிரிழந்தார்.

எஞ்சிய மூன்றில் இன்றுவரை வழக்கு முடியாமல் நிற்பது, கில்பர்ட் லெவின் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர் பட்ரீசியா ஸ்ட்ராட்டும் நடத்திய சோதனை. லெவின் உயிரியலாளராகத் தொடங்கியவர் அல்லர். பொதுச் சுகாதாரப் பொறியாளர். குடிநீரில் சாக்கடைக் கிருமிகள் கலந்திருக்கின்றனவா என்று அறிய அந்நாளில் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் சில மணி நேரமாகக் குறைக்க அவர் கண்டறிந்த உத்திதான் பிற்பாடு செவ்வாய் வரை பயணம் செய்தது. உத்தி எளியது. நுண்ணுயிர் விரும்பி உண்ணக்கூடிய சேர்மங்களில் உள்ள சாதாரணக் கார்பன் அணுக்களுக்குப் பதிலாகக் கதிரியக்கம் கொண்ட கார்பன்-14 அணுக்களை வைத்து, அந்தக் கரைசலின் சில துளிகளை மண்ணில் விட வேண்டும். மண்ணில் உயிர் இருந்து, அது அந்த உணவைச் செரித்தால், வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுவிலும் அதே கதிரியக்கம் இருக்கும். மேலே பொருத்தப்பட்ட எண்ணியில் நிமிடத்துக்கு இத்தனை துடிப்புகள் என்று அது பதிவாகும்.

வைக்கிங்கில் அரை கன சென்டிமீட்டர் மண்ணுக்கு இட்ட உணவு ஒரு மில்லிலிட்டரில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தத் துளிக்குள் ஃபார்மேட், கிளைக்கோலேட், கிளைசின், இருவகை அலனின், இருவகை லாக்டேட் என ஏழு எளிய சேர்மங்கள் இருந்தன. ஆதி பூமியின் வளிமண்டலத்தை ஆய்வகத்தில் போலச்செய்து மின்பொறி பாய்ச்சினால் இத்தகைய எளிய மூலக்கூறுகள் தாமாகவே உருவாகின்றன என்பதால், எந்தக் கோளில் உயிர் தோன்றியிருந்தாலும் இவை அதற்குப் பழகிய உணவாக இருக்கும் என்பது தேர்வுக்குக் காரணம். ஒப்பீட்டுக்கான கட்டுப்பாட்டுச் சோதனையும் புறப்படும் முன்பே வகுக்கப்பட்டது: அதே மண்ணின் இன்னொரு பகுதியை 160 டிகிரியில் மூன்று மணி நேரம் சூடாக்கி, அதன்பின் உணவிட வேண்டும். சூடாக்காத மண் வாயுவை வெளியிட்டு, சூடாக்கிய மண் வெளியிடாமல் இருந்தால், வெப்பத்தில் மடியக்கூடிய ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்று பொருள். உயிர் என்று அறிவிக்கத் தேவையான சான்று இதுவே என்பது அன்றைய உடன்பாடு.

1976 ஜூலை 30 அன்று முதல் துளி விழுந்தது. கதிரியக்க எண்ணிக்கை உடனே ஏறத் தொடங்கி, சில நாட்களில் நிமிடத்துக்குப் பத்தாயிரம் என்ற அளவை நெருங்கியது. பூமியில் உயிருள்ள மண் தரும் வளைகோட்டுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. 160 டிகிரி வாட்டிய மண்ணில் அந்த ஏற்றம் அடியோடு இல்லாமற்போனது. இரண்டாவது தளத்திலும் இதே முடிவுதான். அங்கே 50 டிகிரியை ஒட்டிய மிதமான சூட்டிலேயே மண்ணின் வினை பெரிதும் தளர்ந்தது. புற ஊதாக் கதிர் படாதிருக்க ஒரு பாறையைத் தள்ளி அதன் அடியிலிருந்து அள்ளிய மண்ணும் வாயு வெளியிட்டது. கருவிக்குள் இருட்டில் மாதக்கணக்கில் கிடந்த மண்ணோ வினையை இழந்திருந்தது. இரு தளங்களிலும் மொத்தம் ஒன்பது சுற்றுகள் நடந்தன. முன்கூட்டி வகுத்த நிபந்தனையை மட்டும் வைத்துப் பார்த்தால், சோதனை தேறிவிட்டது.

உறுத்தல்களும் உடனேயே தொடங்கின. சில நாட்கள் கழித்து இரண்டாம் முறை உணவிட்டபோது, உயிர் இருந்தால் மீண்டும் வாயு பெருக வேண்டும். இங்கே புதிய வாயு எழவில்லை என்பதோடு, முன்பு வெளிவந்ததிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மண்ணுக்குள்ளேயே திரும்ப உறிஞ்சப்பட்டது. வெளிவந்த மொத்த வாயுவோ, ஏழு உணவுச் சேர்மங்களில் ஒன்றே ஒன்று சிதைந்தால் எவ்வளவு வருமோ அந்த அளவை ஒட்டி நின்றுவிட்டது. பசியுள்ள உயிர் ஒன்றை மட்டும் தொட்டுவிட்டு மற்ற ஆறையும் ஒதுக்குமா என்று ஐயுற்றவர்கள், ஏதோ ஒரு வேதிப்பொருள் ஃபார்மேட்டை மட்டும் எரித்துத் தீர்த்திருக்கும் என்றனர்.

பக்கத்துச் சோதனைக்கூடத்தில் நடந்தது இந்த ஐயத்தை வலுப்படுத்தியது. வான்ஸ் ஓயாமா நடத்திய வாயுப் பரிமாற்றச் சோதனையில், உணவுக் கரைசல் மண்ணைத் தொடுவதற்கு முன்பே, வெறும் ஈரப்பதம் பட்டவுடன் மண்ணிலிருந்து ஆக்சிஜன் கிளம்பியது. அறையில் வெளிச்சம் இல்லாததால் ஒளிச்சேர்க்கை என்ற விளக்கத்துக்கு இடமில்லை. 145 டிகிரியில் வாட்டிய மண்ணும் ஆக்சிஜனை வெளியிட்டதால் உயிர் என்ற விளக்கமும் நிற்கவில்லை. மண்ணில் ஆக்சிஜனேற்றி, அதாவது பிற பொருள்களுக்கு ஆக்சிஜனைத் தந்து அவற்றைச் சிதைக்கும் வீரியமான வேதிப்பொருள், இருக்கிறது என்ற முடிவுக்கு ஓயாமா வந்தார். காற்றிலுள்ள கார்பனை மண்ணில் ஏதேனும் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறதா என்று பார்த்த நார்மன் ஹோரோவிட்ஸின் மூன்றாவது சோதனை சிறிதளவு சாதகமான அளவுகளைத் தந்தபோதிலும், முதல் முடிவு அதே வலுவில் திரும்பக் கிடைக்கவில்லை. ஹோரோவிட்ஸே அதை உயிர் அல்லாத வினை என்று தள்ளிவிட்டார்.

தீர்ப்பை உண்மையில் எழுதியது உயிரியல் பெட்டிக்கு வெளியே இருந்த கருவி. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் கிளாஸ் பீமன் பொறுப்பிலிருந்த அது, மண்ணைப் படிப்படியாக 500 டிகிரி வரை சூடாக்கி, கிளம்பும் ஆவிகளைத் தனித்தனியாகப் பிரித்து, மூலக்கூறுகளின் நிறையைக் கொண்டு அவற்றை இனங்காணும் பகுப்பாய்வுக் கருவி. அது தேடியது கரிமச் சேர்மங்களை. கார்பனை முதுகெலும்பாகக் கொண்ட இம்மூலக்கூறுகளால்தான் அறிந்த உயிர்கள் எல்லாம் ஆனவை என்பதால், விண்கற்கள் கொண்டுவந்து கொட்டிய அளவாவது அங்கே இருக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. கிடைத்தவையோ முதல் தளத்தில் நூறு கோடியில் 15 பங்கு அளவுக்குக் குளோரோமீத்தேனும், இரண்டாவதில் அதே போன்ற சொற்ப அளவு டைகுளோரோமீத்தேனும் மட்டுமே. கருவியைத் தயாரிக்கும்போது பயன்படுத்திய சுத்திகரிப்புத் திரவங்களின் எச்சம் என்று அவை ஒதுக்கப்பட்டன. உடல் இல்லாமல் உயிர் இருக்க முடியாது. ஆகவே லெவினின் கருவி பதிவு செய்தது உயிரை அன்று என்ற முடிவு, உயிரியல் குழுவின் தலைவர் ஹரால்டு கிளைன் உட்படப் பெரும்பாலோரின் கருத்தாக உறைந்தது. கிளைன் தம் எழுத்தில் எச்சரிக்கையோடே பேசினார். பாடநூல்களில் அந்த எச்சரிக்கை தேய்ந்து, 'வைக்கிங் உயிரைக் காணவில்லை' என்ற ஒற்றை வரியாகிவிட்டது.

இவ்விடத்தில் நியாயம் சற்றே சாய்ந்திருக்கிறது என்று கூறாமல் இருக்க முடியாது. சாதகமான முடிவு ஒன்றுக்கு முன்கூட்டி வகுத்த கட்டுப்பாடு இருந்தது; பாதகமான முடிவுக்கு அப்படி எதுவும் இல்லை. பகுப்பாய்வுக் கருவி எதையும் காணாவிட்டால் அது மண்ணின் குறையா, கருவியின் குறையா என்று பிரித்தறியும் வழி யாராலும் வகுக்கப்பட்டிருக்கவில்லை. மிகக் குறைந்த எண்ணிக்கையில் நுண்ணுயிர் கொண்ட அண்டார்க்டிக மண்ணில் தம் சோதனை உயிரைக் காட்டும்போது பீமனின் கருவியோ வெறுமையைக் காட்டிவிடும் என்று லெவின் வாதாடிக்கொண்டே இருந்தார். மறுபக்கமும் குறையற்றதன்று: லெவினை மறுத்தவர்கள் ஹைட்ரஜன் பெராக்சைடையும் அதன் உறவுப் பொருள்களையும் காரணம் காட்டினர், ஆனால் 160 டிகிரியில் அழிந்து, 50 டிகிரியில் தளர்ந்து, இருட்டில் மாதக்கணக்கில் வீரியமிழக்கும் பொருள் ஒன்றை அன்றைய ஆய்வகங்களில் அப்படியே செய்து காட்டுவது எளிதாக இருக்கவில்லை. 1997இல், இருபது ஆண்டுகள் காத்திருந்த பிறகு, தாம் கண்டது உயிரே என்று லெவின் வெளிப்படையாக எழுதினார். 2021இல் தம் 97ஆம் வயதில் மறையும் வரை அந்த நிலையிலிருந்து அவர் இறங்கவில்லை.

வழக்கின் போக்கை மாற்றிய தகவல் உயிரைத் தேடாத ஒரு கலத்திலிருந்து வந்தது. 2008 மே மாதம் செவ்வாயின் வடதுருவப் பகுதியில் இறங்கிய ஃபீனிக்ஸ், மண்ணை நீரில் கரைத்து அதன் உப்புகளை அளந்தபோது, பெர்குளோரேட் என்ற உப்பு மண்ணின் எடையில் ஏறத்தாழ 0.6 சதவீதம் இருப்பதைக் கண்டது. ஒரு குளோரின் அணுவும் நான்கு ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்த இந்த அயனி, பட்டாசிலும் ராக்கெட் எரிபொருளிலும் ஆக்சிஜன் தருவதற்குப் பயன்படுவது. குளிரில் அது சாதுவாகக் கிடக்கும். சில நூறு டிகிரிக்குச் சூடாக்கினால் ஆக்சிஜனையும் குளோரினையும் உமிழ்ந்து, அருகிலுள்ள கரிமப் பொருள்களை எரித்துவிடும். வைக்கிங்கின் பகுப்பாய்வுக் கருவி செய்ததும் சூடாக்குவதைத்தானே! தான் தேடிய பொருளைத் தேடிய முறையினாலேயே அது அழித்திருக்கலாம் என்பது அறிவியல் வரலாற்றில் அரிதாகவே நேரும் விபரீதம். மெக்சிகோவின் ரஃபேல் நவரோ-கொன்சாலஸ் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சிலி நாட்டின் அட்டகாமா பாலைவன மண்ணில் பெர்குளோரேட்டைக் கலந்து சூடாக்கியபோது, எஞ்சியவை குளோரோமீத்தேனும் டைகுளோரோமீத்தேனும்தான். சுத்திகரிப்புத் திரவத்தின் எச்சம் என்று 1976இல் ஒதுக்கியவை உண்மையில் கரிமப் பொருள்களின் சாம்பலாக இருக்கலாம் என்பது அதன் உட்பொருள். பீமன் இதை ஏற்கவில்லை. அட்டகாமா மண்ணில் நடந்ததைச் செவ்வாய்க்கு நீட்டுவது மிகை என்று எழுத்திலேயே மறுத்தார்.

பிந்தைய சான்றுகள் நவரோ-கொன்சாலஸின் பக்கமே சாய்ந்தன. 2012இல் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி, பழைய ஏரிப்படுகையின் சேற்றுப்பாறையைத் துளையிட்டு எடுத்த மாதிரிகளில் குளோரோபென்சீனையும், பின்னர் முந்நூறு கோடி ஆண்டுப் பழமையுள்ள பாறையிலிருந்து கந்தகம் கலந்த கரிமச் சேர்மங்களையும், 2025இல் வெளியான ஆய்வின்படி டெக்கேன் முதல் டோடெக்கேன் வரையிலான நீண்ட கார்பன் சங்கிலிகளையும் கண்டது. வைக்கிங்கின் பழைய பதிவுகளை 2018இல் மீண்டும் அலசிய குழு ஒன்று, அவற்றிலும் குளோரோபென்சீனின் தடயம் இருப்பதாகக் கூறியது. செவ்வாயில் கரிமப் பொருள் அறவே இல்லை என்ற 1976ஆம் ஆண்டுச் சாட்சியம் இன்று செல்லாது.

எதிர்ச்சாட்சி வீழ்ந்ததால் லெவின் வென்றுவிட்டார் என்று முடிவுகட்டுவோர் உண்டு. அவ்வாதம் ஒரு படியைத் தாண்டிக் குதிக்கிறது. கரிமப் பொருள் விண்கற்களிலிருந்தும் வரும், பாறையும் நீரும் வினைபுரிந்தும் உருவாகும்; அது இருப்பதால் உயிரும் இருந்தாக வேண்டும் என்பதில்லை. மேலும், பகுப்பாய்வுக் கருவியை ஏமாற்றிய அதே பெர்குளோரேட் லெவினின் கருவியையும் ஏமாற்றியிருக்கலாம். விண்ணிலிருந்து இடையறாது விழும் கதிர்வீச்சு பெர்குளோரேட்டைத் தாக்கும்போது, அது ஹைப்போகுளோரைட் என்ற, சலவைத் திரவங்களில் காணும் ஆக்சிஜனேற்றியாகச் சிதைகிறது. உப்புப் படிகத்துக்குள் ஆக்சிஜனும் சிறைப்படுகிறது. அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் குவின் தலைமையில் 2013இல் வெளியான சோதனைகளில், இவ்வாறு கதிரூட்டிய உப்பில் ஈரம் பட்டவுடன் ஆக்சிஜன் வெளிவந்தது. லெவினின் உணவு போன்ற கரைசலை விட்டபோது கார்பன்-14 கொண்ட வாயுவும் கிளம்பியது. ஓயாமா கண்டதையும் லெவின் கண்டதையும் ஒரே பொருளைக் கொண்டு விளக்கும் இந்தக் கருதுகோளே இன்று கைவசம் உள்ளவற்றில் வலுவானது. ஆயினும் வெவ்வேறு வெப்பநிலைகளில் வைக்கிங் பதிவு செய்த நடத்தை முழுவதையும் அது எழுத்துக்கு எழுத்து ஈடுசெய்கிறது என்று சொல்ல இன்னும் இடமில்லை. வாயு அளவு செவ்வாயின் ஒரு நாள் பொழுதை ஒட்டி ஏறியிறங்கியதை உயிரின் நாள்-ஒழுங்காகக் கண்டவர்களும் உண்டு; கருவிக்குள் வெப்பநிலையும் அதே பொழுதை ஒட்டி ஏறியிறங்கியதால், அந்த வாதம் தனித்து நிற்க வலுவற்றது.

வைக்கிங்குக்குப் பின் எழுந்த பிற சர்ச்சைகளும் இதே அச்சில் வார்த்தவை. அண்டார்க்டிகாவில் கிடைத்த ஏஎல்எச் 84001 என்ற செவ்வாய் விண்கல்லில் புழு போன்ற உருவங்களும் காந்தப் படிகங்களும் காணப்பட்டதாக 1996இல் அறிவிக்கப்பட்டபோது அமெரிக்க அதிபர் பில் கிளின்டனே அதுபற்றிப் பேசினார். ஒவ்வொரு தடயத்துக்கும் உயிரற்ற விளக்கம் ஒன்று பின்னர் கிடைத்தது. மீத்தேன் வாயுவின் கதை இன்னும் குழப்பமானது. கியூரியாசிட்டி தரையில் நின்று அதை மோப்பம் பிடிக்கிறது. சுற்றுப்பாதையிலிருந்து பார்க்கும் ஐரோப்பியக் கலம் நூறு கோடியில் 0.05 பங்குகூட இல்லை என்கிறது. தமிழகத்தைச் சேர்ந்த சுப்பையா அருணன் திட்ட இயக்குநராக இருந்த இந்தியக் கலமான மங்கள்யானும் ஒரு மீத்தேன் உணரியைச் சுமந்துசென்றது. அதன் வடிவமைப்பு மீத்தேனைத் தெளிவாகப் பிரித்தறியப் போதவில்லை என்பதால், இவ்வழக்கில் அது சாட்சி சொல்ல இயலவில்லை.

இவற்றுள் கூடுதல் கவனத்துக்குரியது, பெர்சிவரன்ஸ் ஊர்தி 2024 ஜூலையில் ஜெசெரோ பள்ளத்தின் பழைய ஆற்றுப்பாதையில் கண்ட, 'செயாவா ஃபால்ஸ்' என்று பெயரிடப்பட்ட பாறை. அதன் மேற்பரப்பில் கருவிளிம்பு கொண்ட வெளிறிய புள்ளிகள் சிறுத்தையின் தோல் போலச் சிதறிக்கிடக்கின்றன. அவற்றில் விவியனைட் என்ற இரும்புப் பாஸ்பேட்டும் கிரெய்கைட் என்ற இரும்புச் சல்ஃபைடும் இருப்பதற்கான அறிகுறிகள் உள்ளன. பூமியில் கரிமப் பொருளைத் தின்று இரும்பையும் கந்தகத்தையும் மாற்றும் நுண்ணுயிர்கள் சேற்றில் இவ்வகைக் கனிமங்களை விட்டுச்செல்வதுண்டு. 2025 செப்டம்பரில் இக்கண்டுபிடிப்பை வெளியிட்ட குழு, 'உயிர் இருந்தது' என்று எழுதாமல், 'உயிர்த்தடயமாக இருக்கக்கூடியது' என்ற சொற்களோடு நின்றுகொண்டது. 1976இன் தழும்பு அந்தச் சொற்தேர்வில் தெரிகிறது. பாறையின் மாதிரி குழாயொன்றில் அடைக்கப்பட்டுவிட்டது. அதைப் பூமிக்குக் கொண்டுவரும் திட்டம் செலவுக் கணக்கில் சிக்கிக்கொண்டது.

லெவினுடைய வழக்கைத் தீர்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு; அதை முன்வைத்தவரும் அவரே. பெரும்பாலான அமினோ அமிலங்களும் லாக்டேட்டும் இரு வடிவங்களில் அமையும். இடக்கையும் வலக்கையும் போல ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பமாக இருக்குமேயன்றி ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. சாதாரண வேதிப்பொருள் இரண்டையும் ஒரே வேகத்தில் சிதைக்கும். உயிரோ ஒன்றைத் தேர்ந்து உண்ணும். வைக்கிங்கின் உணவுத் துளியில் இரு வடிவங்களும் கலந்தே இருந்ததால், மண் எதைத் தொட்டது என்று பிரித்தறிய வழியில்லாமற்போனது. இரண்டையும் தனித்தனி மண் மாதிரிகளில் இட்டுப் பார்க்கும் திருத்திய கருவியை லெவின் பல்லாண்டுகள் வலியுறுத்தியும், மண்ணுக்கு உணவிட்டுச் செரிமானத்தைப் பார்க்கும் சோதனை எதுவும் வைக்கிங்குக்குப் பின் செவ்வாயில் நடத்தப்படவில்லை. மண்ணின் வேதியியலை முதலில் அறிந்துகொண்டு, உயிரைப் பற்றிய கேள்வியைப் பிறகு கேட்பது என்று நாசா வகுத்துக்கொண்ட வரிசை விவேகமானதே. ஆனால் பெர்குளோரேட் தெரியவந்து பல ஆண்டுகள் ஆன பின்பும் இரண்டாவது கேள்வி ஒத்திவைக்கப்படுவதற்கு அந்த விவேகம் மட்டுமே காரணம் என்று நம்புவது கடினம்.

2028இல் ஏவத் திட்டமிடப்பட்டுள்ள, ஐரோப்பிய விண்வெளி முகமையின் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ஊர்தி, கதிர்வீச்சு எளிதில் எட்டாத இரண்டு மீட்டர் ஆழம் வரை துளையிடும். அதன் கருவி மண்ணுக்கு உணவிடாது. ஆனால் ஆழத்திலிருந்து வரும் மூலக்கூறுகளில் இடக்கை வடிவமும் வலக்கை வடிவமும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று அளக்க வல்லது. பெர்குளோரேட் குறுக்கிடாதிருக்க, அது சூட்டை மட்டும் நம்பாமல் லேசர் துடிப்பைக் கொண்டும் மூலக்கூறுகளைக் கிளப்பும்.